வாரம் ஐம்பது சொல்: ஆங்கிலச் சொல்வளத் திட்டத்தை வகுத்த குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கான ஆங்கிலச் சொல்வளத் திட்டத்தை வகுத்து, இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் மலைப் பள்ளிகளுக்கு அனுப்பிய குழுவினருக்கு,

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, இதை எழுதுகிறேன். நீலகிரியின் அரசுப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மாலை நேரத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வருகிறார்கள். சென்ற ஆண்டு வரை பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த கதைப் புத்தகத்தோடு வந்தவர்கள், இந்த ஜூன் முதல் நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலோடு வருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளையாக இருந்த நூலக வாசிப்பு நிறுத்தப்பட்டு, அந்த நேரம் சொல் மனப்பாடத்துக்கும் வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் இருந்த மரப்பெட்டி பூட்டிக் கிடக்கிறது. ஆங்கில அகரவரிசைப்படி வாரம் ஐம்பது சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பொருள், முப்பது வாரத்தில் ஆயிரத்து ஐந்நூறு சொல் என்பது உங்கள் கணக்கு. அரையாண்டு முடியும் வரை பொறுத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் கண்ட குறை உண்மையானது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. இந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் தொடக்கநிலையைத் தாண்டியவர்கள். விடுப்பு விண்ணப்பம் எழுதுவார்கள், கேள்வியைப் புரிந்துகொள்வார்கள், ஊட்டிக்கு வரும் சுற்றுலாப் பயணிக்கு வழி சொல்வார்கள். அதற்கு மேல் ஏற முடியாமல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறார்கள். சாப்பாடும் ‘குட்’, படமும் ‘குட்’, ஆசிரியரும் ‘குட்’, கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘வெரி வெரி குட்’. படிக்கும்போது அடையாளம் தெரிகிற சொல், எழுதும்போதும் பேசும்போதும் கைக்கு வருவதில்லை. இடைநிலையில் நிற்கும் இவர்களுக்குப் புதுச் சொல் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை ஏற்கெனவே பாதி தெரிந்த சொல்லை முழுதாக அறிவதும். உங்கள் பட்டியல் இந்த இரண்டாவது வேலையைத் தொடவே இல்லை. முதல் வேலையையும் தவறான முறையில் செய்கிறது. பார்த்ததைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் உறைபனி விழத் தொடங்கிய வாரத்தில், வீட்டில் நடந்த ஒன்றைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பதினொன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் குடும்பத்துக்குப் பள்ளத்தில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. முதல் நாள் இரவு விழுந்த பனியில் கொழுந்து முழுவதும் கருகிப்போயிருந்தது; காலையில் அவள் தந்தை செடிகளுக்கு நடுவே பேசாமல் நின்றதைத்தான் எழுத வந்திருந்தாள். ‘பனி’க்கு ஆங்கிலம் என்னவென்று உங்கள் பட்டியலைப் புரட்டினாள். ‘டியூ’ என்றால் பனி, ‘ஃப்ராஸ்ட்’ என்றால் பனி, ‘மிஸ்ட்’ என்றால் பனி, ‘ஸ்னோ’ என்றாலும் பனி, ‘ஃபாக்’ மட்டும் மூடுபனி. (இவர்களுக்கு ‘டியூ’ என்றாலே அம்மாவின் மகளிர் குழுக் கடன் தவணைதான் நினைவுக்கு வரும், எழுத்து வேறு, ஒலி ஒன்று என்பதைப் பட்டியல் சொல்லவில்லை.) நான்கில் அவளுக்குப் பழக்கமாகத் தோன்றிய ‘ஸ்னோ’வை எடுத்து, ‘ஸ்னோ பர்ன்ட் அவர் டீ’ என்று எழுதினாள். நீலகிரியில் பெய்யாத ஒன்று அவர்கள் தேயிலையை எரித்துவிட்டதாக அந்த வாக்கியம் சொல்கிறது.

அந்தச் சிறுமிக்குப் பனியைப் பற்றித் தெரியாததா? புல்நுனியில் முத்தாக நிற்கும் நீர்ப்பனி வேறு, விடியலில் தரையில் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும் உறைபனி வேறு, பேருந்தின் முகப்பு விளக்கைப் போட வைக்கும் மூடுபனி வேறு என்று இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தமிழிலும் அதற்குச் சொற்கள் இருக்கின்றன. முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று பருவத்தையே பகுத்த மொழி இது. நான் அன்று செய்தது சின்ன வேலைதான். ‘ஃப்ராஸ்ட்’ தரையிலும் இலையிலும் படிவது, ‘டியூ’ துளியாக நிற்பது, ‘ஸ்னோ’ வானிலிருந்து விழுவது என்றேன். ஒரு கிலோமீட்டருக்கு உட்பட்டதே கண்ணுக்குத் தெரிந்தால் அது ‘ஃபாக்’, அதற்கு மேலும் தெரிந்தால் ‘மிஸ்ட்’ என்று வானிலை அறிக்கைகள் பிரிப்பதையும் சொன்னேன். அவர்களே எழுந்து போய், எதிர்மலை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அன்றைக்கு ‘மிஸ்ட்’தான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஐந்து சொல்லுக்கு அரைமணி நேரம் ஆனது. உங்கள் திட்டத்தில் அரைமணிக்கு ஐந்து சொல் என்றால் நான் தோற்றுப்போன ஆசிரியர். ஆனால் அந்த ஐந்து சொல்லையும் அவர்கள் இனி மாற்றி எழுதப்போவதில்லை.

இன்னொன்று. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ‘விதர்’ என்ற சொல் இருக்கிறது. எதிரே ‘வாடு’ என்று போட்டிருக்கிறீர்கள். பொருள் சரிதான். என்னிடம் வரும் மாணவன் ஒருவனின் தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எந்தப் பிரிவில் என்று கேட்டால் ‘விதரிங்ல’ என்று மூச்சுவிடாமல் சொல்வான். பறித்து வந்த பச்சை இலையைத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு ஈரத்தைக் குறைக்கும் இடம் அது. அதே மாணவன் ‘விதர் – வாடு, விதர் – வாடு’ என்று ஏதோ அந்நியச் சொல்லைப் போல உருப்போட்டுக்கொண்டிருந்தான். உன் அப்பா தினமும் செய்வது இதுதானே என்றதும் நிமிர்ந்து பார்த்தான். சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவனே ‘அப்ப சி.டி.சி.ன்னா என்ன டீச்சர்?’ என்று கேட்டான். வாடிய இலையைத் தேயிலைத் தூளாக்கும் முறையின் பெயர் அது. ‘க்ரஷ், டேர், கர்ல்’ என்று மூன்று வினைச்சொற்கள்: நசுக்கு, கிழி, சுருட்டு. அன்று மாலை முழுவதும் அந்த மூன்றில் போயிற்று. கிழிப்பதைச் சொல்லும் ‘டேர்’ என்ற சொல்லின் எழுத்துகளையே ‘டியர்’ என்று ஒலித்தால் கண்ணீர். சுருட்டை முடிக்கு ‘கர்லி’. காகிதத்தைக் கசக்கி எறிவதும், ஒரு செய்தி கேட்டு மனம் நொறுங்குவதும் ‘க்ரஷ்’. அவர்கள் வாயில் தினமும் புழங்கிய மூன்று எழுத்துகளுக்குள் இவ்வளவு இருந்தது.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டிய காலத்திலிருந்து இந்த மலையில் ஆங்கிலம் புழங்குகிறது. லயன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), மஸ்டர் (காலை வருகைப் பதிவு), ஃபேக்டரி, டிவிஷன், டஸ்ட், கேரட், பீட்ரூட், டர்னிப் என்று எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பேச்சிலும் அது இருக்கிறது. நான் பிறந்ததும் லயன் வீட்டில்தான். காலை மஸ்டரில் என் தாய் பெயர் கொடுத்ததைக் கேட்டு வளர்ந்தேன். ஆங்கிலச் சொல்லே அறியாத வெற்றுப் பலகை என்று எங்கள் பிள்ளைகளை எண்ணிக்கொண்டு ‘ஏ’ எழுத்திலிருந்து தொடங்குவது, அவர்கள் கையில் இருக்கும் முதலைக் கணக்கில் எடுக்காமல் கடன் கொடுப்பதைப் போன்றது.

அகரவரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அகராதியில் தேடுவதற்கு அது வசதி, கற்பதற்கு இடைஞ்சல். ஒலியிலும் எழுத்திலும் ஒன்றுபோல் இருக்கும் புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்றால் ஒன்று மற்றொன்றைக் குழப்பும். முதல் மாதத்தில் நீங்கள் ‘அடாப்ட்’, ‘அடெப்ட்’, ‘அடாப்ட்’ மூன்றையும் ஒரே வாரத்தில் வைத்தீர்கள். முதலாவது பழகிக்கொள்வது, இரண்டாவது தேர்ச்சி, மூன்றாவது தத்தெடுப்பது. தமிழில் எழுதினால் முதலும் மூன்றும் எப்படிக் காட்சியளிக்கின்றன என்று நீங்களே பாருங்கள். ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு. குழந்தையில்லாத தன் பெரியம்மா ஒரு பையனைத் தத்தெடுத்ததை எழுத வந்த மாணவி, அவர் அந்தப் பையனைப் பழக்கிக்கொண்டதாக எழுதிவிட்டாள். அதை வகுப்பில் உரக்கப் படித்துச் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த மூன்று சொல்லையும் எழுதுவதில்லை.

ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கட்டம் போட்டதில், அந்தச் சொல் யாரோடு சேர்ந்து வரும் என்பது விடுபட்டுப்போயிற்று. தேநீர் திடமாக இருந்தால் ‘ஸ்ட்ராங் டீ’. வண்டி வலுவானதாக இருந்தால் ‘பவர்ஃபுல் கார்’. இடம் மாற்றிப் போட்டால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே 1966-இல் காட்டிய எடுத்துக்காட்டு இது. தேயிலைக் காட்டில் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’. முடிவை ‘மேக்’ பண்ண வேண்டும், வீட்டுப்பாடத்தை ‘டூ’ பண்ண வேண்டும். தமிழில் இது நமக்குப் புதிதில்லை: மாத்திரையைப் போடுகிறோம், குடையைப் பிடிக்கிறோம், குளிர் காய்கிறோம். தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம். இதைச் சொன்ன நாளில் திண்ணையில் எழுந்த சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. ‘கேட்ச் எ கோல்டு’ எல்லாருக்கும் தங்கிவிட்டது. உங்கள் பட்டியலில் ‘கேட்ச் – பிடி’ என்பதோடு முடிந்துவிடுகிறது.

மறதியைப் பற்றித் திட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக அவை நழுவுகின்றன என்று அளந்து வெளியிட்டது 1885-இல். கற்றவுடன் மறதி விரைவாகவும், பிறகு மெதுவாகவும் நடக்கிறது. இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் நிற்கும். முதல் வாரத் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிய மாணவனிடம், ‘அபேண்டன்’ என்றால் என்ன என்று இந்த டிசம்பரில் கேட்டேன். ‘அது முதல் வாரத்துச் சொல் டீச்சர், அது முடிஞ்சுபோச்சே’ என்றான். ‘கைவிடு’ என்று பொருள்படும் சொல்லை அவன் கைவிட்டுவிட்டான். நீங்களும்தான், ஏனென்றால் ஒரு வாரத்தின் சொற்கள் அடுத்த எந்த வாரத்திலும் திரும்பி வருவதில்லை.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்றை நாங்கள் செய்துவந்தோம். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் பரப்பிய முறை அது. செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்வோம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் சொல் விடுபட்ட ஆங்கில வாக்கியம், மறுபக்கம் அந்தச் சொல், அதோடு சேர்ந்து வரும் சொல், தமிழ்ப் பொருள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும், பின்னறைகளை நாள் கழித்துக் கழித்தும் பார்த்தால் போதும். வீட்டில் படுகு பேசுகிற மாணவன் தன் அட்டையில் தமிழோடு படுகுச் சொல்லையும் எழுதிக்கொள்வான். தமிழே இரண்டாம் மொழியாக இருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் படுகர் வீடுகளிலும், கூடலூர்ப் பக்கம் பணியர் வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பதை உங்கள் பட்டியல் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ்ப் பொருள் தருவதை நான் எதிர்க்கவில்லை. கடினமான சொல்லைச் சட்டென்று விளங்கவைக்கத் தாய்மொழியைவிட நல்ல கருவி இல்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

எந்தச் சொற்களைத் தேர்ந்தீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களை எண்ணித் தொகுக்கும் வேலை நெடுநாளாக நடந்துவருகிறது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். உயர்கல்வி நூல்களில் துறை வேறுபாடின்றி மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்களை (ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகளை) நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் தொகுத்தார். அத்தகைய நூல்களில் பத்தில் ஒரு பங்குச் சொற்கள் அவை. அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு ‘ஃபேக்டர்’, ‘ப்ராசஸ்’, ‘ரிக்வயர்’, ‘வேரி’ போன்றவைதான் பாடப்புத்தகத்தைத் திறக்கும் சாவி. உங்கள் முதல் வாரத்தில் ‘அபேட்’ (தணி), ‘அபார்’ (வெறு) எல்லாம் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலம் படிக்கிற நான் ‘அபார்’ என்ற சொல்லைப் பேச்சில் பயன்படுத்தியதாக நினைவில்லை.

பட்டியலால் மட்டும் எங்கும் போய்ச் சேர முடியாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு நாவலையோ நாளிதழையோ படிக்க, நூறில் தொண்ணூற்றெட்டுச் சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று உருப்போட்டு, ஒன்றையும் மறக்காமல் இருந்தாலும், எத்தனை ஆண்டு என்று நீங்களே கணக்கிடலாம். பெரும்பகுதி வாசிப்பில்தான் வந்து சேர வேண்டும். அதே நேஷன், மொழி கற்கும் நேரத்தை நான்கு இழையாகப் பிரிக்கச் சொல்கிறார்: பொருள் நாடிப் படிப்பதும் கேட்பதும், பேசுவதும் எழுதுவதும், சொல்லையும் இலக்கணத்தையும் தனியே கற்பது, தெரிந்ததை வேகமாகப் பயன்படுத்திப் பழகுவது. நான்குக்கும் சமமான நேரம். பட்டியல் மனப்பாடம் மூன்றாவது இழையின் ஒரு கூறு. அதற்காக முதல் இழையை அறுத்துவிட்டீர்கள்.

அந்த மரப்பெட்டியில் ஏறத்தாழ நூறு புத்தகங்கள் இருந்தன. எளிய ஆங்கிலத்தில் சுருக்கி எழுதப்பட்ட கதைகள், சில விலங்குப் புத்தகங்கள், அட்டை பிய்ந்த ஒரு மாணவர் அகராதி. எளிய புத்தகம் படிப்பது பதினேழு வயதுப் பிள்ளைக்கு இழுக்கு என்று உங்கள் ஆய்வுக்கு வந்தவர் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இடைநிலை மாணவருக்கு வேண்டியது அதுதான்: பக்கத்துக்கு நான்கைந்து சொல் மட்டும் தெரியாமல் இருக்கும் புத்தகம், கதையின் இழுப்பில் அந்த நான்கையும் ஊகித்துக் கடந்துபோக விடும். மறுபடி பத்துப் பக்கம் தள்ளி அதே சொல் வேறு சேர்க்கையில் வரும்போது ஊகம் உறுதியாகும்.

வெள்ளிக்கிழமை மதிப்பெண்ணைப் பெயர்வாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை கொழுந்து பறிக்கப் போகிற பிள்ளையும், வீட்டில் தனியறை உள்ள பிள்ளையும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நான் உங்களிடம் கேட்பவை இவை. அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளிலிருந்து வாரம் இரண்டு நூலகப் பாடவேளைகளைத் திரும்பக் கொடுங்கள். வாரத்துக்கு ஐம்பது என்பதைப் பத்துப் பன்னிரண்டாகக் குறைத்து, அகரவரிசையை விட்டுவிட்டு, அடிக்கடி வரும் சொற்களையும் கல்லூரிப் படிப்புக்கு வேண்டிய சொற்களையும் முதலில் வையுங்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எவை தெரியும் என்று முதல் வாரத்தில் சோதித்து, தெரிந்தவற்றை நீக்க ஆசிரியருக்கு உரிமை கொடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு வாக்கியமும், சேர்ந்து வரும் சொற்கள் இரண்டும் பட்டியலில் இருக்க வேண்டும். ‘பனி’ போன்ற பதிவுகளைத் திருத்த வேண்டும். பொருத்துக வினாவுக்குப் பதிலாக, கற்ற சொல்லை வைத்துத் தன் ஊரைப் பற்றி, தன் வீட்டைப் பற்றி நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய சொற்களையும் அதில் கேளுங்கள். மதிப்பெண்களைப் பலகையில் ஒட்டுவதை உடனே நிறுத்துங்கள்.

அடுத்த ஆண்டுக்கான பட்டியலை இறுதி செய்வதற்கு முன், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து ஆங்கில ஆசிரியர்களை ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள். அழைத்தால் நானும் வருகிறேன், என் செலவில். பிள்ளைகள் செய்த செருப்புப் பெட்டிகள் இரண்டையும் கொண்டுவருகிறேன்.

இவற்றுக்கெல்லாம் நாளாகும் என்றால், ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யலாம். புத்தகப் பெட்டியின் சாவி தலைமையாசிரியர் அறையில்தான் இருக்கிறது. எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் திறக்க முடியாது என்கிறார்கள். அந்த உத்தரவை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.